மேடை ஏறாத 466 பேர்

பள்ளிக்கூடம் பகுதி: வாசகர் கேள்விகள், ஆசிரியர் குழுவின் பதில்கள்

தை பிறந்தால் பள்ளிகளில் ஒரு பக்கம் ஆண்டு விழா ஒத்திகை, மறுபக்கம் திருப்புதல் தேர்வு. இம்மாதம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களும் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே. மழையில் நனைந்த புத்தகங்களைப் பற்றியும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் 480 பிள்ளைகள். போன ஆண்டு விழாவில் 62 பரிசு கொடுத்தோம். பழைய பட்டியலை எடுத்து எண்ணினால் அத்தனையும் 14 பேருக்கே போயிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்பது தடவை மேடை ஏறியிருக்கிறாள். இந்த வருஷம் எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சரிதானா?
— வகுப்பாசிரியை, பண்ருட்டி

டம்ளர் வேண்டாம். எல்லாருக்கும் கிடைப்பது தாம்பூலப் பை. அது பரிசு இல்லை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பட்டியலை எடுத்து எண்ணினீர்களே, பல பள்ளிகள் அதைக்கூடச் செய்வதில்லை.

62 பரிசு 14 பேரிடம் சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் முதல், கணக்கில் முதல், அறிவியலில் முதல், மொத்தத்தில் முதல் என்று ஒரே திறமையை ஐந்தாறு தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் பரிசு கொடுக்கிறோம். வேகமாகப் படித்து வேகமாக எழுதும் பிள்ளை அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவது இயல்பு. ஆகவே முதல் வேலை, ஒருவருக்கு ஒரே அழைப்பு. ஒன்பது பரிசையும் ஒரே சான்றிதழில் எழுதி ஒரே தடவை கூப்பிடுங்கள். பெயர் வாசித்து, ஏறி, வாங்கி, போட்டோவுக்கு நின்று இறங்க ஒரு பரிசுக்கு 20 வினாடி. 62 அழைப்பு என்றால் 21 நிமிடம். இப்போது அது 14 அழைப்பாகிவிடும். விழா நேரம் ஒரு நிமிடம்கூட நீளாமல் 48 இடம் காலியாகிறது.

அதில் பாதியை முன்னேற்றத்துக்குக் கொடுங்கள். இதைக் கணக்கிடுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 60 மதிப்பெண் எடுத்தவர் 120 எடுத்தால் 'நூறு சதவீத முன்னேற்றம்' என்று சொல்லிவிட முடியாது. வினாத்தாள் எளிதாக இருந்தாலும் எல்லாருக்கும் மதிப்பெண் கூடும். வகுப்புச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். காலாண்டில் சராசரி 290; அவள் 240, அதாவது 50 கீழே. அரையாண்டில் தாள் கடினம், சராசரி 270. அவள் 262, வெறும் 8 கீழே. மேலோட்டமாகப் பார்த்தால் 22 மதிப்பெண்தான் கூடியிருக்கிறது. உண்மையில் அவள் ஏறியது 42. காலாண்டில் காய்ச்சலில் இரண்டு தேர்வு எழுதாத பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முதல் பரிசு காய்ச்சலுக்குப் போகும்.

மீதியை வேலைக்குக் கொடுங்கள். 'நல்ல மாணவி', 'சிறந்த பண்பாளர்' என்று அல்ல. செய்த வேலையை மேடையில் அப்படியே வாசிக்க வேண்டும்: 'மதியம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் கை கழுவ வைத்தவர்', 'காலாண்டு விடுமுறை முழுக்க வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்'. யார் என்று ஆசிரியர்களுக்குப் பாதிதான் தெரியும். பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்து, 'இந்த வருஷம் உனக்கு உதவியது யார், என்ன செய்தார்?' என்று கேளுங்கள். 'என்ன செய்தார்' என்ற இடம் காலியாக இருக்கும் சீட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அது நட்பு ஓட்டு. வேறு வேறு பெஞ்சிலிருந்து மூன்று சீட்டு வந்தால் அந்தப் பெயர் உறுதி.

பள்ளி வாசலில் முதல் மூன்று இடக்காரர்களின் படத்தோடு வைக்கும் ஃப்ளெக்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 10, 12-ஆம் வகுப்புகளுக்கு மாநில, மாவட்ட முதலிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. அரசு விட்ட பழக்கத்தை நாம் ஏன் துணி வாங்கி அச்சடிக்க வேண்டும்?

என் மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் நாலைந்து பையன்கள் எங்கள் வீட்டு மாடியில் சேர்ந்து படிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் கிரிக்கெட் பேச்சு. அதில் நன்றாகப் படிக்கிற பையனுடைய அம்மா, 'எங்க புள்ள டைம்தான் வேஸ்ட் ஆவுது' என்று நிறுத்தப் பார்க்கிறார். சேர்ந்து படிப்பதால் உண்மையில் பலன் உண்டா?
— ஒரு தாய், முத்தியால்பேட்டை

உண்டு. ஆனால் சும்மா சேர்ந்து உட்கார்ந்தால் வராது. ஐந்து பேர் ஐந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்வது குழுப் படிப்பு இல்லை. ஐந்து தனிப் படிப்பு ஒரே பாயில் நடக்கிறது, அவ்வளவுதான். அங்கே கிரிக்கெட் வராமல் என்ன செய்யும்?

நான்கு பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் குழு படுத்துவிடும். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் எப்போதும் ஓரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியட்டும். முதல் 20 நிமிடம் பேச்சே கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரே மூன்று கணக்கை, அல்லது ஒரே இரண்டு கேள்வியை, நால்வரும் தனித்தனியாக எழுத வேண்டும். அடுத்த 40 நிமிடம் நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடை எங்கே மாறுகிறதோ அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். மாறாத இடத்தில் பேச ஒன்றுமில்லை, அடுத்ததற்குப் போகலாம். பிறகு 10 நிமிடம் ஓய்வு. கிரிக்கெட்டுக்கு அங்கே இடம் கொடுங்கள். கடைசி 20 நிமிடம் அன்றைய பாடத்தில் யார் பின்தங்கியிருக்கிறாரோ அவர் கேள்வி கேட்டு மற்ற மூவருக்கும் மதிப்பெண் போட வேண்டும். கேள்வி தயாரிக்க அவர் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும்.

குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் அரட்டை இல்லை, கெட்டிக்காரப் பையனின் வேகம். அவன் கணக்கைப் போடுவான், மற்றவர்கள் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். புரிந்த மாதிரியே இருக்கும், மறுநாள் தனியாகப் போட்டால் வராது. இதற்கு ஒரே சட்டம்: தெரிந்தவர் கையில் பேனா இருக்கக் கூடாது. தெரியாதவர் எழுத வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டும் கேட்க வேண்டும்.

x² − 7x + 12 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 12, கூட்டினால் −7 வர −3, −4 என்று பையன் கண்டுபிடித்துவிடுவான். உடனே 'மூலங்கள் −3, −4' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவான். பத்தாம் வகுப்பில் அடிக்கடி வரும் தவறு இது. பேனா கெட்டிக்காரனிடம் இருந்தால் அவன் அடித்துத் திருத்திவிட்டுப் போய்விடுவான். பேனா இல்லாததால், 'x இருக்கிற இடத்தில் −3 போட்டுப் பாரேன்' என்று சொல்ல வேண்டியிருக்கும். 9 + 21 + 12 = 42, பூஜ்யம் வரவில்லை. அப்போதுதான் (x − 3)(x − 4) என்ற காரணிக்கும் 3, 4 என்ற மூலத்துக்கும் உள்ள வேறுபாடு இவன் கண்ணில் படும். அப்படித் தானே பார்த்துத் திருத்திக்கொண்டதைத் தேர்விலும் மறக்க மாட்டான்.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லலாம். சொல்லிக்கொடுக்கிறவன் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்கிறான், அதுவே அவனுக்கும் திருப்புதல். 'ஏன் இந்த வரி?' என்று யாராவது கேட்கும்போது, தான் மனப்பாடம் செய்த இடங்கள் எவை என்று அவனுக்கே தெரிந்துவிடும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு மேலும் சி.பி.எஸ்.இ. வந்தது 2023–24-இல். அதன் 9, 10-ஆம் வகுப்புத் தேர்வுகளில் பாதியளவு கேள்விகள் படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொல்பவை. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பிப்பது முன்பு உதவிய அளவுக்கு இப்போது உதவாது.

ஆளுக்கு ஒரு பொறுப்பும் வேண்டும். கணக்கில் பின்தங்கியவருக்கு வரைபடம் நன்றாக வரலாம். சமூக அறிவியலில் வரைபடத்துக்கு 5 மதிப்பெண் இருக்கிறது, அது அவருடைய துறை என்று விடுங்கள். நால்வரும் ஏதோ ஒன்றுக்காவது ஒருவரையொருவர் நம்பியிருந்தால்தான் அந்த மாடி நிலைக்கும். விடைத்தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் வந்தால், மறுநாளே ஒருவரும் மாடி ஏற மாட்டார்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எப்போதும் அதே மூன்று பேர்தான் செய்தி வாசிக்கிறார்கள். எனக்கு ஒரு முறைகூட வாய்ப்பு வரவில்லை.
— ஏழாம் வகுப்பு மாணவி, குறிஞ்சிப்பாடி

வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, நாளுக்கு இரண்டு பேர். ஒருவர் திருக்குறளும் பொருளும், மற்றவர் மூன்று செய்தி. முதல் நாள் மதியமே தாளைக் கையில் கொடுத்துவிட வேண்டும். காலையில் கொடுத்தால் பயந்த பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். உங்களுக்கு ஒரு குறிப்பு: மைக் முன்னால் நின்றதும் முதல் வரியை வேண்டுமென்றே மெதுவாக வாசியுங்கள். பின்வரிசைக்குக் குரல் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும்.

எங்கள் பள்ளியில் நான்கு பையன்கள் 100 மீட்டரை 12.5 வினாடியில் ஓடுகிறவர்கள். குறுவட்டப் போட்டியில் 4×100 தொடரோட்டத்தில், தனித்தனியாகப் பார்த்தால் எங்களைவிட மெதுவான பையன்களிடம் தோற்றோம். கட்டை கீழே விழவும் இல்லை. எங்கே தவறு?
— உடற்கல்வி ஆசிரியர், நெல்லிக்குப்பம்

கட்டை விழாததே ஒரு துப்பு. விழக்கூடாது என்று பயந்து, நின்றோ திரும்பிப் பார்த்தோ வாங்கியிருப்பார்கள். நால்வரின் நேரத்தைக் கூட்டினால் 50 வினாடி. பின்னால் ஓடும் மூவரும் கட்டை வாங்கும்போதே ஓட்டத்தில் இருப்பதால், நல்ல அணியின் நேரம் அந்தக் கூட்டுத்தொகையைவிட ஓரிரு வினாடி குறைய வேண்டும். உங்கள் அணியின் நேரம் 50-ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்தால், கோளாறு கால்களில் இல்லை, கைமாற்றும் இடத்தில்.

ஆகவே ஓடுகிறவரை விட்டுவிட்டுக் கட்டைக்கு நேரம் எடுங்கள். மாற்றும் பகுதிக்குள் கட்டை நுழையும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, வெளியேறும்போது நிறுத்துங்கள். மூன்று மாற்றங்களில் எது மந்தம் என்று உடனே தெரியும். 2018-க்குப் பிறகு இந்தப் பகுதி 30 மீட்டர். அடுத்தவரின் 100 மீட்டர் தொடங்கும் நிலைக்கோட்டுக்கு 20 மீட்டர் முன்னால் தொடங்கி, 10 மீட்டர் தாண்டி முடியும். பழைய 20 மீட்டர் அளவில் சுண்ணாம்புக் கோடு போடும் மைதானங்கள் இன்னும் உண்டு, போட்டிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தகுதியிழப்பைத் தீர்மானிப்பது கட்டை எங்கே இருக்கிறது என்பதுதான், ஓடுகிறவரின் கால் அல்ல. இதையும் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கை வரிசை: முதலாமவர் வலக்கை, இரண்டாமவர் இடக்கை, மூன்றாமவர் வலக்கை, நான்காமவர் இடக்கை. வாங்கிய கையிலேயே கடைசிவரை ஓட வேண்டும். கை மாற்றினால் நேரமும் போகும், கட்டை நழுவவும் வாய்ப்பு. முதலாமவரும் மூன்றாமவரும் வளைவில் ஓடுகிறவர்கள். வலக்கையில் கட்டை இருந்தால் அவர்கள் தடத்தின் உள்விளிம்பை ஒட்டியே ஓடலாம்.

அடுத்தது அடையாளக் கோடு. வாங்குபவர், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாகத் தன் பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து 15 முதல் 20 அடி அளந்து கோடு போட வேண்டும். மண் தடமென்றால் தன் தடத்துக்குள் ஒரு கீறல் போடலாம்; செருப்போ கல்லோ வைக்கக் கூடாது. கொடுப்பவர் அந்தக் கோட்டைத் தொட்ட நொடியில் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் முழு வேகத்தில் புறப்பட வேண்டும். கொடுப்பவர் சீக்கிரமே வந்து முட்டினால் கோட்டை இரண்டு அடி பின்னால் தள்ளுங்கள். எட்டிப்பிடிக்க முடியாமல் போனால் இரண்டு அடி முன்னால் கொண்டுவாருங்கள். இதில் யூகம் வேண்டாம். ஒவ்வொரு ஜோடிக்கும் அடிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

கொடுப்பவர் 'கை' என்று ஒரே அசையில் கூப்பிட்ட பிறகுதான் வாங்குபவரின் கை பின்னால் வர வேண்டும். முன்கூட்டியே கையை நீட்டிக்கொண்டு ஓடும் பையன் ஒரு கையைக் கட்டிப்போட்டவன் மாதிரிதான் ஓடுகிறான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீழிருந்து மேலே கொடுக்கும் முறை எளிது: வாங்குபவர் இடுப்புயரத்தில் கையைப் பின்னே விட்டு, பெருவிரலையும் மற்ற விரல்களையும் தலைகீழ் 'வி' போல விரித்து வைப்பார், கொடுப்பவர் அந்த இடுக்கில் கட்டையைத் தூக்கி வைப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டையின் நீளமே 28 முதல் 30 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் பிடி நுனியை நோக்கி நகர்ந்து, நான்காமவருக்குப் பிடிக்க மூன்று விரல் இடம்தான் மிஞ்சும். வாங்குபவர் கொடுப்பவரின் கையை ஒட்டியே பிடித்தால் இது நேராது.

பயிற்சியில் முதல் வாரம் மெதுவோட்டத்தில் வரிசையாக ஓடிக்கொண்டே நாளுக்கு 20 மாற்றம். பிறகு முழு வேகத்தில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். களைத்த காலுக்கு அடையாளக் கோடு பொய் சொல்லும். ஐந்தாவது பையன் ஒருவனும் முதல் நாளிலிருந்தே எல்லா மாற்றத்திலும் பழக வேண்டும். போட்டியன்று காலையில் வேகமான ஒருவனைப் புதிதாகச் செருகுவதைப் போல அணியைத் தோற்கடிப்பது வேறில்லை. 12.9-இல் ஓடினாலும் வளைவில் கலங்காமல் வாங்கிக் கலங்காமல் கொடுக்கிற பையன் மூன்றாம் இடத்துக்குப் பொருத்தம். உங்களைத் தோற்கடித்த பள்ளியில் அப்படி ஒருவன் இருந்திருப்பான்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விளையாட்டு நேரத்திலும் உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுகிறாள்.
— ஒரு தாய், தேவனாம்பட்டினம்

முதலில் பள்ளிக்குப் போய் 'மார்க் எவ்வளவு' என்று கேட்காமல், அரையாண்டு விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாததால் விட்டது, தெரிந்தும் பிழையாக எழுதியது, நேரம் போதாமல் விட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் 'பத்துத் தடவை எழுது' என்ற ஒரே கஷாயத்தைக் கொடுப்பதில்தான் பிள்ளை வெறுத்துப்போகிறது.

அவள் நோட்டையும் பாருங்கள். கரும்பலகையில் 68 இருந்தது நோட்டில் 63 ஆகியிருக்கிறதா, 3 எல்லாம் 8 ஆகியிருக்கிறதா என்று பக்கத்து மாணவியின் நோட்டோடு ஒப்பிடுங்கள். அப்படி இருந்தால் படிப்பை விடுங்கள், கண் மருத்துவரிடம் போங்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35. அறிவியலில் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15 வேண்டும். செய்முறைக்கு ஒழுங்காகப் போய், பதிவேட்டையும் முடித்துவிட்டால் அந்தப் பாடத்தில் பயம் பாதியாகக் குறையும். விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது தவறு. நாள் முழுக்கத் தோற்கிற இடத்தில் அந்த 40 நிமிடம் ஒன்றுதான் அவளுக்குச் சரிசமமான நேரம். அதுவும் போனால் வருகையே குறைந்துவிடும். வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர் என்ற வரிசையில் பேசுங்கள். பலன் இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

எட்டாம் வகுப்பில் 22 பிள்ளைகள். என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு நன்றாகப் படிக்கும் ஐந்து பேரை மட்டும் அனுப்பினால் போதும் என்கிறார்கள். எல்லாரையும் எழுத வைத்தால் தேர்ச்சி விகிதம் குறையுமாம்.
— ஆசிரியர், விருத்தாசலம் அருகே

இந்தத் தேர்வில் யார் கேட்கிறார்கள் விகிதத்தை? தகுதி இருக்கிற அத்தனை பேரையும் எழுத வையுங்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50), பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000, மொத்தம் 48,000 ரூபாய். முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கும்.

மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, தலா 90 நிமிடம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. மனத்திறன் பகுதி பழகினால் வருவது: எண் தொடர், குறியீடு, கண்ணாடிப் பிம்பம், வென்படம். நாளுக்கு 20 கேள்வியை வகுப்பு முழுக்கச் சேர்ந்து போடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான், தெரியாததை விட்டு நகர்ந்து திரும்பி வரும் பழக்கம் வேண்டும். ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த வட்டத்தைத் தவறான வரிசையில் நிரப்பினால் மீதி அத்தனையும் சரிந்துவிடும். அதனால் பத்துக் கேள்விக்கு ஒரு முறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது காகிதத்தில். ஆதாரில் 'எஸ். கவிதா', பள்ளிப் பதிவில் 'கவிதா எஸ்', வங்கியில் அப்பா பெயரோடு சேர்த்து என்று மூன்று விதமாக இருந்தால் பணம் வந்து சேராது. ஆவணியிலேயே சரிசெய்யத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55) எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும். இதைத் தேர்வான அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். கூட்டம் என்று கூப்பிடுகிறார்கள். டீ கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— ஒரு பெற்றோர், பாகூர்

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. டீயைக் குடியுங்கள், தவறில்லை. கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்துக்கு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் என்று இரண்டு கட்டம் இருக்கட்டும். அடுத்த கூட்டம் அந்தக் கட்டங்களை வாசிப்பதில்தான் தொடங்க வேண்டும்.

எதை முதலில் கேட்பது என்று தெரியாவிட்டால் கழிப்பறையைக் கேளுங்கள். காலை 9 மணிக்குப் பார்த்தால் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். பிற்பகல் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

போன மழையில் நூலக அறைக்குள் தண்ணீர் புகுந்து 300 புத்தகம் நனைந்துவிட்டது. பிள்ளைகளும் நாங்களுமாக மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். பாதி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, படப் புத்தகங்கள் பலகை மாதிரி ஒட்டிக்கொண்டன. அடுத்த முறை என்ன செய்வது?
— நூலகப் பொறுப்பாசிரியர், கடலூர் முதுநகர்

வெயில்தான் கெடுத்தது. மேற்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அட்டை வளையும். நிழலும் காற்றும்தான் வேண்டும்: வராந்தா, மேசை மின்விசிறி. 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனால் எதை முதலில் எடுப்பது என்பதை நனைவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். முதலில் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்க் கட்டு. அடுத்து வழவழத் தாளில் அச்சான படப் புத்தகங்கள். அந்தத் தாளில் உள்ள பூச்சு காயும்போது பசையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது, ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் பாடநூல், அதை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் புத்தகத்தைப் பிடிக்க, மற்றவர் 20 பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளோ பழைய வேட்டித் துண்டோ செருக வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். தாள் நனைந்ததும் மாற்றி மாற்றி வைத்து, பிறகு புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிமிர்த்தி நிறுத்துங்கள். தொட்டால் லேசாகக் குளிர்ச்சி தெரியும் அளவுக்குக் காய்ந்ததும் மூடி, மேலே இரண்டு செங்கல் வைத்தால் அப்பளம் ஆகாது. ஒரே நாளில் பார்க்க முடியாத அளவு இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். துறைமுகத்து மீன் ஃப்ரீசர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய்விடாதீர்கள்.

பூஞ்சணம் பிடித்தவற்றை வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு, உலர்ந்த தூரிகையால் பெரியவர்கள்தான் துடைக்க வேண்டும். இளைப்பு இருக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். போன மழையில் தண்ணீர் நின்ற கறை இப்போதும் சுவரில் தெரியும். வெள்ளையடிப்பதற்குள் அதன்மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு ஒரு முழம் மேலே அலமாரியின் கீழ்த்தட்டை ஏற்றிவிடுங்கள்.